கனகம் தைத்த வார்

கனகம் களத்து வேலைக்கு வந்த முதல் நாள், எங்களில் ஒருவரும் அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. பழனியாத்தாள் மட்டும், "வா அம்மணி, இங்க உக்காரு" என்று தன் பக்கத்தில் நகர்ந்து இடம் விட்டாள். மற்றவர்கள் தேங்காய் உடைப்பதிலேயே குனிந்திருந்தோம். அதற்கு முந்தின மாதம் அதே களத்தில் அவள் புருஷனை வாயில் கடிவாளம் மாட்டி இழுத்தபோது, பார்த்துக்கொண்டு நின்றவர்கள் நாங்கள்.

அவள் வேலைக்கு வந்தது 1993 மார்கழியில். காங்கேயத்தில் அழகிரிசாமியின் எண்ணெய் மில்லை ஒட்டி நாலு பக்கமும் மதில் எழுப்பிய சிமெண்டுக் களம் ஒன்று இருந்தது. உடைத்த தேங்காயை அங்கே காயப்போட்டுக் கொப்பரையாக்குவோம். கனகத்தின் புருஷன் கோவிந்தராஜுலு பஸ் ஸ்டாண்டில் குதிரை வண்டி வைத்திருந்தார். சிவன்மலைக்குப் போகிறவர்களையும் மில்லுக்கு வருகிற வியாபாரிகளையும் ஏற்றிக்கொண்டு ஓட்டுவார். சிரித்த முகம். வண்டியில் போகும்போதே பாட்டு முனகுவார்.

அழகிரிசாமிக்கு ரேக்ளா மாடுகள் இருந்தன. மாட்டுப் பந்தயத்தில் சுற்றுவட்டாரத்தில் அவரை ஜெயிக்க ஆளில்லை. குதிரைப் பந்தயத்திலும் ஜெயிக்கவேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது. ஒரு வெள்ளைக் குதிரையை வாங்கிக் கோவிந்தராஜுலுவைக் கூப்பிட்டுப் பழக்கச் சொன்னார். பழக்கி முடித்ததும் களத்து வாசலில் வைத்துத்தான் கோவிந்தராஜுலு அவருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். நாங்கள் உள்ளே இருந்தே கேட்டோம்.

"மொதலாளி, மாட்டுக்கு மூக்குல கயிறுங்க. இழுத்தா வலிக்கும், நின்னுபோடும். குதிரைக்கு முன்பல்லுக்கும் கடவாப்பல்லுக்கும் நடுவுல பல்லில்லாத எடம் ஒண்ணு இருக்குதுங்க. கடிவாளத்து இரும்பு அங்கதான் உக்காரும். வெறும் ஈறு. நீங்க இந்த வாரைப் புடிச்சுட்டு விரலை மடக்கினாலே அதுக்குத் தெரியும். இடது பக்கம் திரும்போணும்னா இடது விரலைச் சித்தெ மடக்குங்க. திரும்பினதும் உட்டுப்போடுங்க. உடறதுதானுங்க முக்கியம். உடாம இழுத்துட்டே இருந்தா வாய் மரத்துப்போவும். அப்புறம் நீங்க அதை ஓட்ட மாட்டீங்க, அது உங்களை இழுத்துட்டுப் போவும்."

"ஏப்பா ராஜுலு, எனக்கே கயிறு புடிக்கச் சொல்லித் தர்றயா?" என்றார் அழகிரிசாமி. கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

பந்தயத்தன்று தாராபுரம் ரோட்டில் அவர் மாட்டுக் கயிற்றை இழுக்கிற மாதிரிதான் இழுத்தார். குதிரையின் வாயில் ரத்தம் வந்தது. அது வலி தாங்காமல் ரோட்டை விட்டு இறங்கி, வண்டியையும் அவரையும் வாய்க்காலில் தள்ளிவிட்டு நின்றது. சேறும் சகதியுமாக எழுந்த அழகிரிசாமியைப் பார்த்து ஊரே சிரித்தது.

மறுநாள் காலையில் கோவிந்தராஜுலுவைக் களத்துக்கு வரச்சொன்னார். நல்லபடியாகத்தான் கூப்பிட்டு அனுப்பினார். அவரும் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"வேணும்னே கெடுத்துப் பழக்கியிருக்கறே."

"இல்லைங்க மொதலாளி, கை கொஞ்சம்..."

"எங் கையைச் சொல்றயா? வாய் வாய்ங்கறயே, உம்பட வாய் எப்படி இருக்குதுன்னு பாக்கலாம்."

இருவருக்கும் வீட்டில் தெலுங்கு. ஆனாலும் அன்று அழகிரிசாமி தமிழில்தான் ஏசினார். எங்களுக்கெல்லாம் புரியவேண்டும் என்று. மில்லில் மூட்டை தூக்குகிற இரண்டு பேர் கோவிந்தராஜுலுவின் கைகளைப் பின்னால் பிடித்துக்கொண்டார்கள். குதிரையின் கடிவாளத்தை எடுத்து அவர் பற்களுக்கு நடுவே திணித்து, தோலைப் பின்னந்தலையில் இறுக்கிக் கட்டினார்கள். அழகிரிசாமி வாரைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். கோவிந்தராஜுலு நின்றபோது சுண்டி இழுத்தார். கீழே விழுந்தபோதும் இழுத்தார். களத்தை மூன்று சுற்று. நாங்கள் கொப்பரை கிளறுகிற பலகையைப் பிடித்தபடி நின்றோம். இழுத்துக்கொண்டு வருகிறபோது வழிவிட்டு ஒதுங்கினோம். அதுதான் நாங்கள் செய்தது.

முன்பற்கள் இரண்டு போயின. வாய்க்கடை ஒரு பக்கம் கிழிந்து, தையல் போட்டும் கோணலாகவே கூடியது. அதன் பிறகு கோவிந்தராஜுலு துண்டால் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தார். பேச்சு குழறியது. குதிரையையும் வண்டியையும் விற்றுவிட்டார். சாப்பிடும்போது பெண்டாட்டிகூடப் பார்க்கக்கூடாது என்று சுவரைப் பார்த்து உட்காருவாராம். போலீசுக்குப் போகலாம் என்று கனகம் சொன்னதற்கு, "போயி என்னன்னு சொல்றது?" என்று கேட்டாராம். கடிவாளம் போட்டு இழுத்தார்கள் என்பதைத் தன் வாயால் சொல்ல அவரால் முடியவில்லை.

அப்படிப்பட்ட களத்துக்குத்தான் கனகம் வேலை கேட்டு வந்தாள். அழகிரிசாமி அவளை ஏற இறங்கப் பார்த்து, "உம்பட ஊட்டுக்காரன் அனுப்பினானா?" என்றார்.

"ஊட்டுல அடுப்பெரியோணுமுங்களே மொதலாளி."

அந்தப் பணிவு அவருக்கு இனித்தது. சேர்த்துக்கொண்டார். பெண்கள் பின்னால் பேசிக்கொண்டார்கள். மானம் கெட்டவள் என்று ஒருத்தி சொன்னாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கனகம் பிறந்தது கோயம்புத்தூர் உக்கடத்தில். அவள் அப்பா ரயிலடியில் குதிரை வண்டி ஓட்டியவர். ஆண் பிள்ளை இல்லாத வீடு என்பதால் இவள்தான் குதிரைக்குக் கொள்ளு வைப்பது, தேய்த்துக் குளிப்பாட்டுவது, அறுந்த வாரைத் தைப்பது எல்லாம். வண்டியும் ஓட்டுவாள். வயசுக்கு வந்த பிறகு ரோட்டில் ஓட்டக்கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். கட்டிக்கொடுத்து வந்த பிறகும் புருஷனின் குதிரையை விடிகாலையில் இவள்தான் ஊருக்கு வெளியே ஓட்டிப்போய்த் திருப்பிக்கொண்டு வருவாளாம். இதையெல்லாம் அவளாகச் சொல்லவில்லை. நான் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவள் என்பதால் துண்டு துண்டாக வந்தது.

ஒருநாள் மத்தியானம் சோறு தின்றபோது திடீரென்று சொன்னாள்: "எனக்கு அந்தாள் சாகறதெல்லாம் வேண்டாம். இதே களத்துல, இதே ஆளுக நின்னு பாக்க, வாரோட மூணு சுத்து இழுபடோணும். அதுக்குத்தான் வந்திருக்கறேன்." சொல்லிவிட்டு ஊறுகாய் இருக்கிறதா என்று கேட்டாள்.

அதற்குப் பிறகுதான் நான் அவளைக் கவனிக்க ஆரம்பித்தேன். அழகிரிசாமி களத்துக்குள் வந்தால் எங்கள் கண்ணெல்லாம் தரைக்குப் போகும். அவள் கண் அவர் கைக்குப் போகும். சாயங்காலத்தில் அவர் ரேக்ளா மாடுகளைப் பூட்டிப் பழக்குவார். களத்துக் கேட்டில் நின்றால் அது நன்றாகத் தெரியும். கனகம் விளக்குமாற்றைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டாமல் நிற்பாள்.

"என்ன பாக்கறே?" என்று கேட்டேன்.

"கயித்தை மணிக்கட்டுல ரெண்டு சுத்துச் சுத்திக்கறாரு பாரு."

எங்கள் பக்கத்தில் மாடு ஓட்டுகிற எல்லோரும் அப்படித்தான் சுற்றிக்கொள்வார்கள். இழுத்தால் மாடு நின்றுவிடும். கைக்கு ஒன்றும் ஆகாது. குதிரைக்காரன் சுற்ற மாட்டான். விரலிடுக்கில்தான் வாரைப் பிடிப்பான். எந்த நேரமும் விட்டுவிடத் தயாராகப் பிடிப்பான். இதை அன்றைக்கு அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

ஒன்றரை வருஷம் போனது. 1995 ஆடியில் அழகிரிசாமிக்கு மறுபடியும் குதிரை ஆசை வந்தது. அந்தியூர்ச் சந்தைக்குப் போகப்போவதாகக் களத்தில் நின்று யாரிடமோ பேசினார். கனகம் எழுந்து போய், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள்.

"எங்கப்பாவுக்குத் தெரிஞ்ச யாவாரி ஒருத்தர் இருக்கறாருங்க, மைதீன் பிச்சைன்னு. ஊட்டியில ரேஸ் ஓடின குதிரையெல்லாம் அவருகிட்ட வருமுங்க. நம்ம நாட்டுக் குதிரை அதுக்கு முன்னால நிக்காதுங்க."

"பழக்கறது ஆரு? உம்பட புருஷனா?" என்று சிரித்தார்.

"நானுங்க."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். பிறகு கணக்குப்பிள்ளையைப் பார்த்து, "கேட்டயா? ராஜுலு பொண்டாட்டி நமக்குக் குதிரை பழக்கித் தர்றாளாம்" என்றார். ஊரெல்லாம் சொல்லிக்கொள்ள அவருக்கு ஒரு பேச்சுக் கிடைத்துவிட்டது. சரி என்றார்.

மைதீன் பிச்சை குதிரையை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். நல்ல உயரம், பழுப்பு நிறம், காது இரண்டும் ஓயாமல் ஆடின. அழகிரிசாமி சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு உள்ளே போனதும், வியாபாரி கனகத்தின் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் பேசினார்.

"ஏன் கண்ணு, இதேதான் வேணும்னு ஆள் மேல ஆள் சொல்லி அனுப்பினே? இது ரேஸ்ல ஓடினது. வாரை இறுக்கினா அதுக்கு ஓடுன்னு அர்த்தம். இறுக்க இறுக்கப் பறக்கும். தளத்தினாத்தான் நிக்கும்."

"தெரியுமுங்க மாமு."

"ஓட்டறவருக்குத் தெரியுமா?"

"நானே சொல்லிப்போடறேன்."

அவள் மடியில் புதுத்தோல் வார் ஒன்று இருந்தது. பந்தய வண்டிக்கென்று அவளே தைத்தது. மைதீன் பிச்சை அதை எடுத்து நீட்டிப் பார்த்தார். கையால் அளந்தார். "என்ன அம்மணி, ஒரு முழத்துக்கு மேல நீளம் கூட இருக்குது? பிடிச்சது போக மீதி தரையில கெடக்குமே."

"மொதலாளி கை பெரிய கைங்க" என்றாள் கனகம்.

மைதீன் பிச்சை அவள் முகத்தைப் பார்த்தார். நடந்தது அவருக்கும் தெரியும். வாரைச் சுருட்டி அவள் மடியிலேயே வைத்தார். "நான் குதிரை வித்தவன். அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு லாரியில் ஏறிக்கொண்டார்.

இரண்டு மாதம் அவள் குதிரையைப் பழக்கினாள். காலையில் களம் நிறைவதற்கு முன்னால் மதில் ஓரமாகச் சுற்றிச் சுற்றி ஓட்டுவாள். கைகள் ஆடாது. விரல்கள் மட்டும் மடங்கும், விரியும். அந்தப் பெரிய குதிரை அதற்குத் தலையைச் சாய்க்கும். இறுக்கிப் பிடித்தால் மதிலைத் தொட்டபடி பாயும். தளர்த்தினால் மூச்சு விட்டு நிற்கும். பார்க்க அழகாக இருந்தது. அவள் முகத்தில் மட்டும் எந்தச் சந்தோஷமும் இல்லை. மதில் ஓரச் சுற்று அதற்கு மனப்பாடமாகவேண்டும் என்பதில் குறியாக இருந்தாள்.

ஆயுத பூஜை வந்தது. களத்தைக் கழுவி, கொப்பரையெல்லாம் உள்ளே தள்ளி, செக்குக்கும் மோட்டாருக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். சிரட்டைகளை மட்டும் ஒரு மூலையில் குவித்திருந்தோம். வேலை செய்கிறவர்கள் குடும்பத்தோடு வந்து பொரி கடலை வாங்கிக்கொள்வது வழக்கம். கனகம் புருஷனையும் கூட்டிவந்தாள். இரண்டு வருஷமாகக் களத்துப் பக்கமே வராத கோவிந்தராஜுலு, துண்டை மூக்குவரை சுற்றிக்கொண்டு தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்தார். யாரும் அவரிடம் பேசவில்லை.

பூஜை முடிந்ததும் கனகம்தான் கேட்டாள். "அடுத்த வாரம் பந்தயமுங்க. எல்லாரும் இருக்கறாங்க. களத்துல ஒரு சுத்து ஓட்டிக் காட்டுங்களே மொதலாளி."

அழகிரிசாமி பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தய வண்டியில் ஏறினார். கனகம் குதிரையின் தலைப்பக்கம் நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னாள். அவ்வளவு சத்தமாக அவள் பேசி நாங்கள் கேட்டதில்லை.

"இது இழுத்தா ஓடுமுங்க மொதலாளி. நிக்கோணும்னா கையைத் தளத்தி உட்டுப்போடோணும். நல்லாக் கேட்டுக்குங்க. இழுக்கவே கூடாது."

"இழுத்தா ஓடுமா? அப்ப தள்ளினா நிக்குமா?" என்றார் அவர்.

களமே சிரித்தது. பழனியாத்தாள், "நம்ம மில்லு மோட்டாரு மாதிரிங்க, சொன்னதுக்கு நேர்மாறு" என்று எடுத்துக்கொடுத்தாள். அவர் இன்னும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, கையில் தொங்கிய மீதி வாரை வலது மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டார். வார் நீளமாக இருந்ததால் மூன்றாவது சுற்றும் சுற்றினார்.

நான் கனகத்தைப் பார்த்தேன். அவள் அந்தக் கையைப் பார்த்தாள். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. குதிரையை விட்டுவிட்டு விலகி, கேட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

குதிரை முதலில் நடந்தது. அழகிரிசாமி சாட்டையை வீசினார். ஓட்டம் பிடித்தது. சிரட்டைக் குவியலுக்குப் பக்கத்தில் திருப்பவேண்டிய இடம் வந்ததும் அவர் கை பழக்கப்படி இழுத்தது. குதிரை பாய்ந்தது. அவர் பின்னால் சாய்ந்து இரண்டு காலையும் ஊன்றி இழுத்தார். அது இன்னும் பாய்ந்தது. சக்கரம் சிரட்டைக் குவியல்மேல் ஏறியது. குதிரையைப் பூட்டிய ஏர்க்கால் முறிந்து வண்டி கவிழ்ந்து அங்கேயே கிடந்தது. குதிரை நிற்கவில்லை. மணிக்கட்டில் சுற்றிய வாரோடு அழகிரிசாமி சிமெண்டுத் தரையில் இழுபட்டுக்கொண்டு போனார்.

அவர் உடம்பின் பாரமே வாரை இறுக்கிப் பிடித்தது. இறுகிய வார் குதிரையை ஓடச் சொன்னது. அது மதில் ஓரமாக, பழகிய சுற்றில் ஓடியது.

நாங்கள் வழிவிட்டு ஒதுங்கினோம்.

"கனகம், நிறுத்து! நிறுத்து புள்ளே!" என்று கணக்குப்பிள்ளை கத்தினார்.

அவள் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். "நாந்தான் சொல்லிப்போட்டேனுங்களே. கையை உடச் சொல்லுங்க."

ஒரு சுற்று முடிந்தது. பட்டு வேட்டி கிழிந்து சிமெண்டில் சிவப்பாகக் கோடு விழுந்தது. அவர் அலறியது முதலில் பெரிதாக இருந்தது, பிறகு முனகலானது. இரண்டாவது சுற்றில் குதிரை தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வந்தபோது கோவிந்தராஜுலு எழுந்தார். துண்டு நழுவி விழுந்தது. கனகம் ஓடிவந்து அவர் கையைப் பிடித்தாள். "உக்காருங்க" என்றாள். "உக்காருங்கன்னு சொல்றேன்." அவர் கையை உதறிவிட்டுக் குதிரைக்குப் பக்கத்தில் ஓடினார். அழகிரிசாமியின் கைக்கு முன்னால், கடிவாளத்தை ஒட்டி வாரைப் பிடித்து, குதிரையோடு கூடவே ஓடிக்கொண்டு தளர்த்தினார். அது உடனே நின்றது. அவர் அழகிரிசாமியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குதிரையின் உதட்டை விலக்கி ஈறைத்தான் பார்த்தார்.

அழகிரிசாமியைக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நானும் கனகமும் அவள் புருஷனும் ஒன்றாகத்தான் வீட்டுக்கு நடந்தோம். பாதி வழியில் கோவிந்தராஜுலு குழறிக்கொண்டு சொன்னார்: "ஒரு பக்கமே பாரம் இழுத்துச்சு கனகம். உட்டிருந்தா குதிரை வாய் கிழிஞ்சுபோயிருக்கும்."

அவள் நின்றுவிட்டாள்.

"உங்க வாய் கிழிஞ்சப்ப எந்தக் குதிரைங்க வந்து நிறுத்துச்சு?"

அவள் வேகமாக முன்னால் நடந்து போய்விட்டாள். அன்றிலிருந்து வெகுநாள் அவருக்குச் சோறு போட்டு வைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொள்வாள்; பேசமாட்டாள். "சுத்துக் கொறைஞ்சுபோச்சு. கொறைச்சதும் எங்க ஊட்டுக்காரருதான்" என்று என்னிடம் சொன்னாள்.

போலீஸ்காரர் ஒருவர் களத்துக்கு வந்து விசாரித்தார். இழுக்கக்கூடாது என்று அவள் சொன்னதை நாங்கள் எல்லோரும் சொன்னோம். மற்றதை யாரும் சொல்லவில்லை. பார்த்துவிட்டுப் பேசாமல் இருப்பது எங்களுக்குப் பழகிய காரியம்.

அழகிரிசாமி ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் கனகத்தை வீட்டுக்கு வரச்சொன்னார். துணைக்கு வா என்று என்னை அழைத்துப் போனாள். அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். கன்னம் ஒரு பக்கம் தோலுரிந்து காய்ந்திருந்தது. வலது கை முழுக்க மாவுக்கட்டு. அந்தக் கை இனிக் கயிறு பிடிக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"வேணும்னுதானே செஞ்சே?"

"ஆமாங்க மொதலாளி" என்றாள் கனகம். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

அவருக்கு மூச்சு வாங்கியது. "போலீஸ்ல சொல்றேன். உள்ள தள்றேன் பாரு உன்னை."

"சொல்லுங்க. அவ எதுக்கு அப்படிச் செஞ்சான்னு கேப்பாங்க. அதையும் நீங்கதானுங்க உங்க வாயால சொல்லோணும்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம். உள்ளேயிருந்து அவர் சம்சாரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். கனகம், "நாளைக்கு வேலைக்கு வாரேனுங்க" என்றாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மறுநாள் வந்தாள். தினமும் வந்தாள். அழகிரிசாமி நடமாட ஆரம்பித்து, கையைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கவிட்டுக்கொண்டு களத்துக்குள் நுழைந்தபோது, எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்றாள்.

"வாங்க மொதலாளி. கை இப்ப எப்படி இருக்குதுங்க?"

சத்தமாக, மரியாதையாக, களம் முழுக்கக் கேட்கும்படி. அவர் முகம் கறுத்தது. மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாளும். அவர் எந்தக் கேட்டு வழியாக வந்தாலும் அவள் அங்கே எழுந்து நிற்பாள். கேட்ட கேள்வியில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நாங்கள் தலையைக் குனிந்துகொள்வோம். சிலருக்குத் தோள் குலுங்கும். பழனியாத்தாள் வாயில் முந்தானையை வைத்துக்கொள்வாள். அவர் வேகமாகக் கடந்துபோவார். பிறகு சாயங்காலம் நாங்கள் போன பிறகு வர ஆரம்பித்தார். கனகம் வேலை முடிந்தும் இருந்து, கேட்டுவிட்டுத்தான் போனாள்.

பொங்கல் கழிந்ததும் அவர் களத்துக்கு வருவதையே விட்டுவிட்டார். அவர் மச்சினன்தான் வந்து கணக்குப் பார்த்தான். அவர் மில் பக்கமும் வருவதில்லை, கடைவீதியிலும் தென்படுவதில்லை, வீட்டுக்குள்ளேயே இருக்கிறார் என்றார்கள்.

கனகம் இன்னும் ஒரு வாரம் வந்து பார்த்தாள். தேங்காய் உடைத்துக்கொண்டே கேட்டைப் பார்ப்பாள். அவர் இனி வரமாட்டார் என்று நிச்சயமானதும், பாதி உடைத்த குவியலை அப்படியே விட்டு எழுந்தாள். "வாரேனுங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வெளியே போனாள். அதன் பிறகு அவளும் களத்துக்கு வரவில்லை.